மைக்ரோகிரிட் கட்டுப்பாட்டில் கடிகார ஒத்திசைவும் தகவல் தாமதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைக்ரோகிரிட்டில், அதாவது தனித்தும் ஓடக்கூடிய சிறு மின்வலையில், பல இன்வெர்ட்டர்களை (டிசி மின்சாரத்தை ஏசியாக்கும் கருவிகளை) ஒரு தலைமைக் கணினியின் கீழ் வைக்காமல், தங்களுக்குள் பேசிக்கொண்டு சுமையைப் பகிரும்படி அமைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கணக்குகள் எல்லாம் 50 ஹெர்ட்ஸுக்கு. 60 ஹெர்ட்ஸ் அமைப்பில் அதே நேரப்பிழைக்குக் கோணப்பிழை (ஏசி அலையின் கோணத்தில் வரும் பிழை) 1.2 மடங்காகும்.

1. எல்லா இன்வெர்ட்டரும் ஒரே பஸ்ஸில்தானே (பொது மின்தடம்) இருக்கு, எல்லாம் ஒரே 50 ஹெர்ட்ஸ்தானே. தனியாகக் கடிகாரம் எதற்கு?

பஸ்ஸில் ஓடும் அதிர்வெண் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் "50 ஹெர்ட்ஸ் என்றால் எவ்வளவு" என்பதை ஒவ்வொரு இன்வெர்ட்டரும் தன் பலகையில் இருக்கும் குவார்ட்ஸ் கிரிஸ்டலை வைத்தே முடிவு செய்கிறது. வேகமாக ஓடும் கிரிஸ்டல் உள்ள இன்வெர்ட்டருக்கு, பஸ் சரியாக 50-இல் இருந்தாலும் அது 49.999 ஆகத் தெரியும். பக்கத்து இன்வெர்ட்டருக்கு அதே அலை 50.001.

இதைத் தவிர இன்னொரு தேவையும் உண்டு. பக்கத்து இன்வெர்ட்டர் அனுப்பிய "நான் 22 கிலோவாட் தருகிறேன்" என்ற செய்தி எப்போது அளந்தது என்று தெரிய வேண்டும். அதற்குப் பொது நேரம் வேண்டும். முதல் தேவை கடிகாரத்தின் வேகம் பற்றியது, இரண்டாவது கடிகாரம் காட்டும் நேரம் பற்றியது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சந்தேகங்கள் வருகின்றன.

2. கிரிஸ்டல் எவ்வளவு விலகும்? நல்ல கிரிஸ்டல் வாங்கிப் போட்டால் தீராதா?

சாதாரண மைக்ரோகன்ட்ரோலர் கிரிஸ்டல் 20 முதல் 50 பிபிஎம். ஒரு பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது வினாடிக்கு 1 மைக்ரோவினாடி, நாளுக்கு 86.4 மில்லிவினாடி. 20 பிபிஎம் என்றால் நாளுக்கு 1.7 வினாடி. நேரக்கணக்குக்கு வைக்கும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலை வெப்பம் இன்னும் மோசமாகப் பாதிக்கும். 25 டிகிரியிலிருந்து விலகும் வெப்பநிலையின் வர்க்கத்தை 0.034-ஆல் பெருக்கினால் வருவது அதன் பிபிஎம் இழப்பு. இன்வெர்ட்டர் பெட்டிக்குள் 65 டிகிரி என்றால் 54 பிபிஎம் பின்தங்கும்.

வெப்ப ஈடு செய்யப்பட்ட டிசிஎக்ஸ்ஓ ஏறக்குறைய 1 பிபிஎம், சூடேற்றிய அடுப்புக்குள் இருக்கும் ஓசிஎக்ஸ்ஓ 0.01 பிபிஎம் அளவில் நிற்கும். நல்ல கிரிஸ்டல் விலகலை மெதுவாக்கும், நிறுத்தாது. எனவே நேரம் எங்கிருந்தாவது வந்துகொண்டே இருக்க வேண்டும்.

3. நான் வெறும் ட்ரூப்தான் போட்டிருக்கிறேன். கடிகாரம் விலகினால் என்ன ஆகும்?

ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. ட்ரூப் என்பது சுமை ஏற ஏற இன்வெர்ட்டர் தன் அதிர்வெண்ணைச் சற்று இறக்கிக்கொள்ளும் விதி, அதனால் தங்களுக்குள் பேசாமலே சுமை பகிரும். முழுச் சுமைக்கு 0.5 ஹெர்ட்ஸ் இறங்கும்படி ட்ரூப் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். இரண்டு கடிகாரங்களுக்கிடையே 20 பிபிஎம் வித்தியாசம் என்பது 1 மில்லிஹெர்ட்ஸ். பகிர்வில் வரும் பிழை 0.001 வகுத்தல் 0.5, அதாவது 0.2 சதவீதம். மின்னோட்டம் அளக்கும் சென்சாரின் பிழையே இதைவிடக் கூடுதலாக இருக்கும். ட்ரூப் மட்டும் உள்ள அமைப்புக்குக் கடிகார ஒத்திசைவு வாங்காதீர்கள்.

4. அப்படியானால் சிக்கல் எப்போதுதான் வருகிறது?

ட்ரூப்பால் இறங்கிய அதிர்வெண்ணை மறுபடி 50-க்குக் கொண்டுவர ஒவ்வொரு இன்வெர்ட்டரிலும் ஒரு இன்டக்ரேட்டர் போடும்போது வருகிறது. இன்டக்ரேட்டர் பிழையை மறக்காது, சேர்த்துக்கொண்டே போகும்.

கணக்காகப் பாருங்கள். சம அளவுள்ள இரண்டு இன்வெர்ட்டர்கள், அதே 20 பிபிஎம் வித்தியாசம், இன்டக்ரேட்டர் கெயின் (பிழையைச் சேர்க்கும் வேகம்) வினாடிக்கு 0.1. பஸ்ஸின் அதிர்வெண் இரண்டு பேரின் 50-க்கும் நடுவில் போய் நிற்கும். வேகக் கடிகாரம் உள்ளது "இன்னும் 0.5 மில்லிஹெர்ட்ஸ் ஏற வேண்டும்" என்று தள்ளும். மெதுவான கடிகாரம் உள்ளது அதே அளவு கீழே இழுக்கும். இரண்டு இன்டக்ரேட்டர்களுக்கும் இடைவெளி வினாடிக்கு 0.1 மில்லிஹெர்ட்ஸ் வளரும். 0.5 ஹெர்ட்ஸ் ட்ரூப்பில் அது வினாடிக்கு 0.02 சதவீதப் பகிர்வு வித்தியாசம், ஒரு மணி நேரத்தில் 72 சதவீதம். திரையில் அதிர்வெண் 50.00 என்று அழகாக நிற்கும். உள்ளே ஒரு இன்வெர்ட்டர் வேர்த்துக்கொண்டிருக்கும், மற்றது தூங்கும்.

தீர்வு மூன்று வழிகளில் வரும். இன்டக்ரேட்டரை ஒரே இடத்தில் வைத்து அதன் வெளியீட்டை மட்டும் மற்றவர்களுக்கு அனுப்பலாம். இன்டக்ரேட்டரைக் கொஞ்சம் கசியவிடலாம், அதாவது பழைய பிழையை மெல்ல மறக்கவிடலாம், அப்போது அதிர்வெண்ணில் ஒரு சிறு பிழை நிலையாக நிற்கும். அல்லது பக்கத்து இன்வெர்ட்டர்களின் இன்டக்ரேட்டர் மதிப்போடு சமன் செய்யும் பகுதியைச் சேர்க்கலாம். பகிர்ந்த கட்டுப்பாட்டில் வழக்கமாக எடுக்கும் வழி மூன்றாவதுதான். அதற்குத் தகவல் தொடர்பு வேண்டும், அதனால் தாமதமும் கூடவே வந்துவிடும் (கேள்வி 10).

5. ட்ரூப்பே வேண்டாம். எல்லாவற்றையும் ஜிபிஎஸ் நேரத்தில் பூட்டி நேராக 50.000-இல் ஓட்டலாமே?

ஓட்டலாம், அதிர்வெண் நிலையாக இருக்கும், பகிர்வைக் கோணத்தால் செய்யலாம். ஆனால் இங்கே கடிகாரப் பிழை நேரடியாகத் திறனாக மாறும். இரண்டு இன்வெர்ட்டர்களுக்கிடையே எதிர்வினைப்பு (ரியாக்டன்ஸ்) 0.1 பெர் யூனிட் (மதிப்பிட்ட அளவின் பங்காகச் சொல்லும் அலகு) என்றால் 1 டிகிரி கோண வித்தியாசம் மதிப்பிட்ட திறனில் 17.5 சதவீதத்தைத் தள்ளும். 1 மைக்ரோவினாடி என்பது 0.018 டிகிரி, திறனில் 0.3 சதவீதம். பொறுத்துக்கொள்ளலாம். 100 மைக்ரோவினாடி பிழையானால் 1.8 டிகிரி, 31 சதவீதம்.

நேரமே வராமல் போனால்? கடிகாரங்கள் சுதந்திரமாக ஓடும்போது ஒரு பிபிஎம்முக்கு வினாடிக்கு 0.018 டிகிரி விலகும். 20 பிபிஎம்மில் 10 டிகிரி விலக 28 வினாடி போதும், அதற்குள் பாதுகாப்பு ட்ரிப் ஆகிவிடும். ஆகவே இந்த முறையில் ஓட்டினாலும் கீழே ட்ரூப்பை அணைக்காமல் வைத்து, நேரத்தின் தரம் குறைந்த உடனே அதற்கு மாறும்படி எழுதுங்கள். கடிகாரம் செத்தால் விளக்கும் அணையும் என்ற நிலை எந்த மைக்ரோகிரிட்டிலும் இருக்கக் கூடாது.

6. எனக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும்? மில்லிவினாடியா மைக்ரோவினாடியா?

அதை வேலைதான் தீர்மானிக்கும். இரண்டாம் நிலைக் கட்டுப்பாடு (கேள்வி 4-இல் பார்த்த, அதிர்வெண்ணை மறுபடி 50-க்குக் கொண்டுவரும் பகுதி) 100 மில்லிவினாடி முதல் 1 வினாடிக்கு ஒருமுறை ஓடுகிறது என்றால் 5 மில்லிவினாடி போதும். உள் வலையமைப்பில் ஒழுங்காக அமைத்த என்டிபி (வலைவழியே கடிகாரங்களை ஒத்திசைக்கும் நெறிமுறை) இதைச் சிரமமில்லாமல் தரும். நிகழ்வுப் பதிவுக்கு 1 மில்லிவினாடி. ஃபேஸர் (அலையின் வீச்சும் கோணமும்) அளவீட்டில் 1 சதவீத மொத்தப் பிழை வரம்பு முழுவதையும் நேரப்பிழையே தின்றால்கூட 31.8 மைக்ரோவினாடிதான். சென்சார் பிழைக்கும் இடம் விட வேண்டும் என்பதால் 1 மைக்ரோவினாடியைக் குறிவைப்பார்கள். கேள்வி 5-இல் சொன்ன கோணப் பகிர்வுக்கும் அதே அளவு.

இரண்டாம் நிலை மட்டும் இருக்கும் இடத்தில் பிடிபி (என்டிபியைவிட நுட்பமான நேர ஒத்திசைவு நெறிமுறை) உபகரணம் வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு.

7. நெட்வொர்க்கில் 80 மில்லிவினாடி போய்வரத் தாமதம். அதைவிடத் துல்லியமாகக் கடிகாரத்தை எப்படிச் சரிசெய்ய முடியும்?

தாமதம் எவ்வளவு என்பது பிரச்சினையில்லை. போகும் தாமதமும் வரும் தாமதமும் சமமா என்பதே கேள்வி. என்டிபி, பிடிபி இரண்டும் நான்கு நேரமுத்திரைகளை வைத்து வேலை செய்கின்றன: அ அனுப்பியது, ஆ பெற்றது, ஆ திருப்பி அனுப்பியது, அ பெற்றது. முன்னோக்கிய வித்தியாசத்தையும் பின்னோக்கிய வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கடிகார விலகல் வரும். சமமான தாமதம் எவ்வளவு இருந்தாலும் கழிந்துவிடும்.

சமமில்லாத நிலையில் என்ன ஆகிறது என்று எண்களில் பாருங்கள். ஆ-வின் கடிகாரம் உண்மையில் 7 மில்லிவினாடி முன்னால் இருக்கிறது. போக 30, வர 50. அ அனுப்பியது 100-இல். ஆ-வை அடையும்போது அ-வின் நேரம் 130, ஆ காட்டுவது 137. ஆ 2 கழித்து 139-இல் அனுப்புகிறது. அ பெறுவது 182-இல். கணக்கு: (137−100) கூட்டல் (139−182), அதாவது 37−43 = −6, பாதி −3. உண்மை +7, கிடைத்தது −3. பிழை 10, அதாவது 30-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி. இந்தப் பிழையை எந்த மென்பொருளாலும் இந்த நான்கு எண்களிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. வெளியிலிருந்து அளந்து, நிலையான திருத்தமாகக் கொடுத்தால்தான் உண்டு.

8. தாமதம் ஏறி இறங்குகிறது. நிறைய அளந்து சராசரி எடுத்தால் சரியாகாதா?

சராசரி எடுக்காதீர்கள். வரிசையில் காத்திருப்பது தாமதத்தைக் கூட்டும், ஒருபோதும் குறைக்காது. அதனால் பிழை ஒரு பக்கமாகவே சாயும், சராசரியும் அதோடு சாயும். போய்வரத் தாமதம் மிகக் குறைவாக வந்த அளவீட்டைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் எங்கும் நிற்காமல் வந்த பாக்கெட். என்டிபி கடைசி 8 அளவீடுகளில் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறது. வயர்லெஸ்ஸில் நெரிசல் கூடுதலாக இருப்பதால் 32 அல்லது 64 அளவீடுகள் வரை சாளரத்தை நீட்டலாம். ஆனால் அதற்குள் கிரிஸ்டல் எவ்வளவு விலகும் என்பதையும் கேள்வி 2-இன் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. பழைய ஸ்விட்ச்சிலேயே பிடிபி ஓடும் என்கிறார்கள். உண்மையா?

ஓடும், ஆனால் எதிர்பார்க்கும் துல்லியம் வராது. 100 மெகாபிட் போர்ட்டில் ஒரு முழுநீளப் பாக்கெட் வெளியேற சுமார் 123 மைக்ரோவினாடி ஆகும். பிடிபி பாக்கெட் அதற்குப் பின்னால் மாட்டினால் ஒரு திசையில் மட்டும் அவ்வளவு தாமதம், கடிகாரத்தில் 61 மைக்ரோவினாடி பிழை. இது ஒரே ஒரு ஸ்விட்ச்சில் ஒரே ஒரு பாக்கெட்டுக்குப் பின்னால் நின்றதன் விலை.

பாக்கெட் தனக்குள் எவ்வளவு நேரம் நின்றது என்பதை அளந்து அதிலேயே எழுதி அனுப்பும் ஸ்விட்ச்சுக்கு டிரான்ஸ்பரன்ட் கிளாக் என்று பெயர். மின்துறைக்கான ஐஇசி 61850-9-3 தரத்தில் அத்தகைய ஸ்விட்ச் ஒவ்வொன்றும் 50 நானோவினாடிக்குமேல் பிழை சேர்க்கக் கூடாது. இரு முனைகளிலும் நெட்வொர்க் கார்டு வன்பொருளிலேயே முத்திரை இட வேண்டும். மென்பொருள் முத்திரை என்றால் இயங்குதளத்தின் பரபரப்பு எல்லாம் கடிகாரத்தில் ஏறிவிடும்.

10. கடிகாரம் சரியாகிவிட்டது. இனித் தாமதம் கட்டுப்பாட்டைப் பாதிக்காதுதானே?

பாதிக்கும். கடிகாரம் தாமதத்தின் அளவைச் சொல்லும், தாமதத்தைப் போக்காது. பக்கத்து மதிப்போடு சமன் செய்யும் எளிய சமநிலை விதியில், தன் மதிப்பும் பக்கத்து மதிப்பும் ஒரே அளவு தாமதமாக வந்தால், தாங்கக்கூடிய தாமதம் 1.57 வகுத்தல் வலையமைப்பு அணியின் (யார் யாரோடு எந்தக் கெயினில் இணைந்திருக்கிறார் என்று காட்டும் லாப்லாசியன் அணியின்) மிகப்பெரிய ஐகன் மதிப்பு. வளையமாக இணைத்த நான்கு இன்வெர்ட்டர்கள், இணைப்புக் கெயின் வினாடிக்கு 1 என்றால் அந்த மதிப்பு 4, வரம்பு 0.39 வினாடி. வேகமாகப் பகிரட்டும் என்று கெயினை 5 ஆக்கினால் வரம்பு 78 மில்லிவினாடி. ஒவ்வொரு திசையிலும் 40 மில்லிவினாடி தாமதமுள்ள வலையில் முன்னது தாராளம். பின்னது ஓடும், ஆனால் ஆடி ஆடித்தான் அடங்கும்.

இது ட்ரூப், வடிகட்டி எதையும் சேர்க்காத வரம்பு. நடைமுறையில் இதில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருங்கள். எல்லா இணைப்புகளையும் சேர்த்தால் நல்லது என்று நினைப்பதும் தவறு. இணைப்பு கூடக்கூட அந்த ஐகன் மதிப்பு ஏறலாமே தவிர இறங்காது, தாமதம் தாங்கும் திறன் குறையலாமே தவிர வளராது.

11. பக்கத்து இன்வெர்ட்டரின் தகவல் பழசாகத்தான் வருகிறது. என் இப்போதைய மதிப்போடு ஒப்பிடலாமா?

அப்படி ஒப்பிட்டால் கேள்வி 10-இன் வரம்பு, அந்த எளிய மாதிரியில், மறைந்துவிடும் என்பது உண்மை. அதனால் பலர் இதையே செய்கிறார்கள். ஆனால் சுமை திடீரென மாறும்போது பாருங்கள். இரண்டும் 20 கிலோவாட் தந்துகொண்டிருக்கின்றன, சுமை ஏறி இரண்டும் 30 ஆகின்றன. அடுத்த 40 மில்லிவினாடிக்கு ஒவ்வொன்றும் "நான் 30, அவன் 20" என்று நினைத்துத் தன்னைக் குறைத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் குறைப்பதால் அதிர்வெண் தேவையில்லாமல் இறங்கும்.

பொது நேரம் இருந்தால் வழி உண்டு. ஒவ்வொரு அளவீட்டையும் குறித்த நொடிப்பகுதியில், உதாரணமாக ஒவ்வொரு 100 மில்லிவினாடியின் தொடக்கத்தில், எல்லோரும் ஒன்றாக எடுங்கள். வந்த தகவலின் முத்திரையைப் பார்த்து, அதே நேரத்தில் எடுத்த உங்கள் பழைய மதிப்போடு ஒப்பிடுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் வித்தியாசம் சுழியமாக வரும். சீக்கிரம் வந்த பாக்கெட்டையும் குறித்த வயது வரும்வரை இடைச்சேமிப்பில் வைத்துப் பயன்படுத்தினால், ஏறி இறங்கும் தாமதம் நிலையான தாமதமாகிவிடும். நிலையான தாமதத்துக்கு வடிவமைப்பது சுலபம். 3 கட்டுப்பாட்டுச் சுழற்சிக்குமேல் பழசானால் அந்த இணைப்பின் எடையைச் சுழியமாக்குங்கள். கடைசி மதிப்பையே பிடித்துக்கொண்டிருந்தால் இன்டக்ரேட்டர் அதைத் துரத்திக்கொண்டே போகும்.

12. நேரம் திருத்தப்படும்போது இன்வெர்ட்டர் துள்ளுகிறது. ஏன்?

கட்டுப்பாட்டு நிரல் இரண்டு சுழற்சிகளுக்கிடையேயான கால அளவைச் சுவர்க்கடிகாரத்திலிருந்து (அவ்வப்போது திருத்தப்படும் நாள்-நேரத்திலிருந்து) எடுக்கிறது என்று அர்த்தம். நேரம் பின்னால் தள்ளப்பட்டால் அந்த அளவு எதிர்மறையாகி, இன்டக்ரேட்டர் தலைகீழாக ஓடும். கால அளவுக்குப் பின்னோக்கிப் போகாத உள்கடிகாரத்தையும், முத்திரைக்கு மட்டும் ஒத்திசைத்த நேரத்தையும் பயன்படுத்துங்கள்.

கோணத்தையே ஒத்திசைத்த நேரத்திலிருந்து எடுப்பவர்களுக்கு (கேள்வி 5) மெதுவான திருத்தமும் ஆபத்து. ntpd போன்ற என்டிபி மென்பொருள்கள் 500 பிபிஎம் வரை வேகத்தை மாற்றித் திருத்தும். அது வினாடிக்கு 9 டிகிரி. அங்கே திருத்த வேகத்தை 1 பிபிஎம் அளவில் கட்டிப்போடுங்கள்.

13. மாஸ்டர் கடிகாரம் செத்துப்போனால்?

பிடிபியில் மாஸ்டரைச் சாதனங்களே தேர்ந்தெடுக்கும். முன்னுரிமை எண், கடிகார வகுப்பு, துல்லியம் என்று வரிசையாக ஒப்பிடும். ஜிபிஎஸ்ஸில் பூட்டியிருப்பது வகுப்பு 6, அதை இழந்து நினைவில் ஓடுவது 7. அறிவிப்பு வினாடிக்கு ஒன்று வந்து, மூன்று தவறினால் அடுத்தது பொறுப்பேற்கும்படி அமைப்பது வழக்கம். அந்தச் சில வினாடிகளை உள்ளூர் கிரிஸ்டல் தாங்க வேண்டும்.

வெளி நேரமே இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடினால் 1 பிபிஎம் கிரிஸ்டல் 3.6 மில்லிவினாடி விலகும். இரண்டாம் நிலைக் கட்டுப்பாட்டுக்குப் பரவாயில்லை. கோணப் பகிர்வுக்கு 50 வினாடியிலேயே 50 மைக்ரோவினாடி தாண்டிவிடும். வலை இரண்டாக உடைந்தால் இரண்டு மாஸ்டர்கள் உருவாகும், மறுபடி சேரும்போது ஒரு பக்கம் குதிக்கும். அந்தக் குதிப்பைக் கண்டால் பழைய முத்திரைகள் உள்ள இடைச்சேமிப்பை முழுவதும் காலி செய்யும்படி நிரலில் எழுதுங்கள்.

14. இரண்டு சாதனங்களின் நேரத்துக்கும் சரியாக 37 வினாடி (அல்லது 18) வித்தியாசம். என்ன கோளாறு?

கோளாறில்லை, நேர அளவுகள் வேறு. பிடிபி அணு நேரத்தில் ஓடும், அது யுடிசியைவிட (உலகப் பொது நேரத்தைவிட) 37 வினாடி முன்னால். ஜிபிஎஸ் நேரம் 18 வினாடி முன்னால். இரண்டும் 2016 டிசம்பர் 31 முடிவில் சேர்த்த லீப் வினாடிக்குப் பின் மாறவில்லை. கட்டுப்பாட்டுக்குள் அணு நேரத்தையே வையுங்கள், யுடிசி திரைக்கு மட்டும்.

15. பஸ்ஸின் மின்னழுத்த அலையையே பொதுக் கடிகாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாதா?

நல்ல யோசனை, பாதி வேலை செய்யும். சுழியத்தைக் கடக்கும் கணம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்று. 5 டிகிரி கோண வித்தியாசம் 0.28 மில்லிவினாடிதான். வலையமைப்பின் வேலை, எந்தச் சுழற்சிக்கு எந்த எண் என்று ஒப்புக்கொள்வது மட்டுமே. அதற்கு நேரப்பிழை 10 மில்லிவினாடிக்குள் இருந்தால் போதும். எந்த ஃபேஸைப் பார்க்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. தவறான ஃபேஸ் 6.67 மில்லிவினாடி, டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மர் 1.67 மில்லிவினாடி தள்ளிவிடும்.

இதைவிடப் பயனுள்ள உபயோகம் கிரிஸ்டல்களை ஒப்பிடுவது. எல்லோரும் அதே 50,000 சுழற்சிகளை எண்ணட்டும். ஒருவருக்கு 1000.000 வினாடி, மற்றவருக்கு 1000.020 என்றால் 20 பிபிஎம் வித்தியாசம், தாமதம் இதில் எங்கும் நுழையவில்லை. கேள்வி 4-இன் சண்டையை இந்தத் திருத்தம் பெருமளவு அடக்கும். ஆனால் உண்மையான 50 எது என்று அலை சொல்லாது, பஸ் அணைந்தால் இந்தக் கடிகாரமும் அணையும்.

16. ஜிபிஎஸ் ரிசீவர் இருக்கிறதே, அதை அப்படியே நம்பலாமா?

2016 ஜனவரி 26 அன்று ஜிபிஎஸ் அமைப்பே ஒளிபரப்பிய யுடிசி திருத்தத்தில் சுமார் 13 மைக்ரோவினாடி பிழை வந்தது. கேள்வி 5-இன் கணக்கில் 0.23 டிகிரி, 4 சதவீதத் திறன். எல்லோரும் ஒன்றாக விலகினால் பாதிப்பில்லை, பாதிப்பேர் மட்டும் விலகினால்தான் திறன் சுழலும். ரிசீவர் சொல்வதை உள் கிரிஸ்டலோடு ஒப்பிட்டு, கிரிஸ்டலால் நடக்கவே முடியாத வேகத்தில் நேரம் நகர்ந்தால் ரிசீவரை ஒதுக்குங்கள். ஆன்டெனா கேபிளின் மீட்டருக்கு சுமார் 5 நானோவினாடியைத் திருத்தமாகக் கொடுக்க மறக்காதீர்கள்.

செய்திகளைக் குறியாக்கம் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு திசைப் பாக்கெட்டுகளை மட்டும் பிடித்துவைத்துத் தாமதமாக விட்டால், உள்ளடக்கத்தைத் தொடாமலே கேள்வி 7-இன் பிழையை உண்டாக்கலாம். போய்வரத் தாமதத்துக்கு மேல்வரம்பு வைப்பதே அங்கே காப்பு.

17. மெயின் கிரிட்டோடு இணைக்கும்போது இரு பக்கமும் ஒரே ஜிபிஎஸ் நேரம். நேரத்தைப் பார்த்து பிரேக்கரை மூடலாமா?

கூடாது. மெயின் கிரிட் எந்தக் கடிகாரத்துக்கும் கட்டுப்பட்டு ஓடுவதில்லை. பிரேக்கரின் இரு பக்க மின்னழுத்தத்தையும் அங்கேயே அளந்துதான் மூட வேண்டும். ஐஇஇஇ 1547-2018 தரத்தில் இரு பக்கத்துக்கும் இருக்கக்கூடிய அதிகபட்ச வித்தியாசம்: 500 கேவிஏ வரை 0.3 ஹெர்ட்ஸ், 10 சதவீத மின்னழுத்தம், 20 டிகிரி. 1500 கேவிஏவுக்கு மேல் 0.1 ஹெர்ட்ஸ், 3 சதவீதம், 10 டிகிரி. இணைப்புக்கு முன் இன்வெர்ட்டர்களைக் கோணத்துக்குக் கொண்டுவரும் கட்டளையை வலைவழியே அனுப்பலாம். மூடும் முடிவு வலைவழியே வரக் கூடாது.

18. மென்பொருள் "விலகல் 200 நானோவினாடி" என்று காட்டுகிறது. அதுதான் உண்மையான பிழையா?

இல்லை. அது தன் மாஸ்டரைத் தான் எவ்வளவு நன்றாகப் பின்தொடர்கிறேன் என்பதன் அளவு. சமச்சீரற்ற தாமதம் அதில் தெரியாது. இரு முனைகளிலிருந்தும் வினாடிக்கு ஒரு துடிப்பு தரும் பின்களை ஒரே ஆசிலோஸ்கோப்பில், சம நீளக் கேபிளில் போட்டுப் பாருங்கள். தூரத்தில் இருந்தால் அந்த முனையில் தற்காலிகமாக ஒரு ஜிபிஎஸ் ரிசீவரை வைத்து அதன் துடிப்போடு ஒப்பிடுங்கள். ஃபைபர் ஜோடியில் ஒன்று 100 மீட்டர் நீளமானால் நிலையாக சுமார் 245 நானோவினாடி தெரியும், அதைத் திருத்தமாக எழுதிவிடலாம்.

இந்தச் சோதனையை மேசையில் செய்து முடித்துவிடாதீர்கள். பெட்டிக் கதவை மூடி, இன்வெர்ட்டரை முழுச் சுமையில் இரண்டு மணி நேரம் ஓட்டி, வலையில் வழக்கமான போக்குவரத்தை ஏற்றிவிட்டு அளங்கள். அப்புறம் நேரக் கேபிளைப் பிடுங்கி, ட்ரூப்புக்கு மாறும் கணத்தில் மின்னோட்டம் எவ்வளவு துள்ளுகிறது என்று பாருங்கள்.